தலைக்கட்டில் இல்லாத ஆள்

பெரம்பலூரிலிருந்து குரும்பலூர் போகிற ரோட்டில், டவுன் முடிகிற இடத்தில் எங்கள் காம்பவுண்டு இருக்கிறது. ஒன்பது வீடு, ஒரே சுவர், ஒரே கேட்டு. யாருக்கு யாரும் சொந்தமில்லை. என் மகன் மணிவண்ணனும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து நிலத்தை வாங்கி, ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டு, மற்றதையெல்லாம் பொதுவில் வைத்தார்கள். போர் பொது, மோட்டார் பொது, துணி துவைக்கிற மெஷின் பொது. நடுவில் ஒரு ஹால், அதை ஒட்டி ஒரு பொது அடுப்படி. மத்தியானச் சாப்பாடு அங்கே எல்லோருக்கும் சேர்த்து ஆகும். குரும்பலூரிலிருந்து சுபா என்கிற பெண் டவுன் பஸ்ஸில் வந்து ஆக்கிப் போடுவாள்.

பொது என்றாலே எனக்கு ஆகாது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவன் நான். டீசல் டேங்க் மூடிக்குச் சொந்தப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு தூங்கியவன். "பொது" என்று ஒருவன் வாயைத் திறந்தால், அவன் ரப்பர் குழாயோடு என் டேங்குப் பக்கம் வருகிறான் என்றுதான் அர்த்தம்.

அதனால் குடி வந்ததும் மெஷின் ரூமில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். யார் எத்தனை தடவை துணி போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? மூன்றாம் வீட்டு ரஞ்சித்குமார்தான் மோசம். கல்யாணம் ஆகாத பயல். சென்னைக் கம்பெனி வேலையைக் கம்ப்யூட்டரில் வீட்டிலிருந்தே பார்க்கிறான். ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு வருவான்.

"ஏன்டா தம்பி, ஒரு சட்டைக்கு ஒரு மெஷினா?"

"இது சாயம் போவும் தாத்தா. தனியாத்தான் போடணும்."

"சாயம் போற சட்டைய ஏன்டா வாங்குற?"

"போட்டா நல்லா இருக்குதுல்ல."

அந்தச் சட்டைக்கு ஆன கரண்டுக்கு என் மகனும் பங்கு கொடுக்கிறான். வயிறு எரியுமா எரியாதா?

மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹாலில் கூட்டம். செயலாளர் பாக்கியராஜ் வாத்தியார், வரதராசன்பேட்டைக்காரர். காலையில் மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு வருவதால் சாயங்காலம் வரைக்கும் பொறுமை மிச்சம் இருக்கும். அதுவும் செலவைப் பிரிக்கிற பேச்சு வந்தால் தீர்ந்துவிடும்.

முதலில் வீட்டு அளவை வைத்துப் பிரித்தார்கள். வேல்முருகன் எகிறினான். அவன் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தவன், இருப்பதிலேயே பெரிய வீடு அவனுடையது.

"என் வூடு பெருசுன்னா நான் பெருசாவா குளிக்கிறேன்? எல்லாரும் ஊத்துற அதே பக்கெட்டுத்தான சார் நானும் ஊத்துறேன்?"

சரி, தலைக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். அதில் நாங்கள் மாட்டினோம். எங்கள் வீட்டில் அஞ்சு தலை. நான், மணிவண்ணன், மருமகள் சுமதி, காலேஜ் ஹாஸ்டலில் கிடக்கிற பேரப்பிள்ளைகள் இரண்டு.

"ஹாஸ்டல்ல இருக்கற புள்ளைங்களுக்கும் தலையா?" என்று கேட்டேன்.

"தீவாளிக்கு வருதுங்கள்ல பெரியவரே? வர்றப்ப தலைய ஹாஸ்டல்லயே வச்சிட்டா வருதுங்க?" என்றான் வேல்முருகன்.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்தேன். "எங்க ஊர்ல மாரியாயி திருவிழாவுக்கு எப்புடி வரி போடுவாங்க தெரியுமா? தலைக்கட்டு. கண்ணாலம் ஆன ஆம்பள, தனி அடுப்பு, அது ஒரு தலைக்கட்டு. வூட்டுல ரெண்டு பேரு இருந்தாலும் பத்துப் பேரு இருந்தாலும் ஒரே வரி. வரி குடுக்குறவனுக்குக் கூட்டத்துல பேச்சு உண்டு. கண்ணாலம் ஆவாத பயலுக்கு வரியும் இல்ல, பேச்சும் இல்ல. புருசன் இல்லாத பொம்பளைக்கும் அப்புடித்தான். இதுல எங்கயாவது சண்ட வருதா?"

பாக்கியராஜ் வாத்தியாருக்குப் பிடித்துவிட்டது. "எங்க பக்கமும் மாதா தேருக்கு இப்படித்தான் போடுவாங்க" என்றார். ஆளாளுக்கு ஒரு ஊர், ஆளாளுக்கு ஒரு சாமி, ஆனால் தலைக்கட்டு என்றால் எல்லோருக்கும் புரிந்தது. வரி இல்லை என்றதும் ரஞ்சித்குமார் கையையே தட்டிவிட்டான்.

குஞ்சம்மாள் மட்டும் எழுந்து நின்றாள். அஞ்சாம் வீட்டுக்காரி. செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயத்தைக் காட்டிலேயே விலை பேசி வாங்கித் திருச்சிக்கு ஏற்றுகிற வியாபாரம். புருசன் இல்லை, மகள் கட்டிக்கொடுத்த இடத்தில். தனிக்கட்டை.

"அப்ப நான்?"

"ஒனக்கு வரி இல்ல குஞ்சம்மா. சந்தோசமாப் போ."

"பேச்சும் இல்ல?"

"அதான் வழக்கம்."

"நான் மூட்ட மூட்டையா வெங்காயம் போட்டுக் கட்டுன வூடுய்யா அது. அதுல ஆளே இல்லன்னு சொல்றீங்களா?"

பதிலுக்குக்கூட நிற்காமல் வெளியே போய்விட்டாள். பணம் கேட்டால் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்றதற்குச் சண்டை போடுகிற பெண்பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன். இதில் என்னமோ இருக்கிறது என்று அவளையும் கொஞ்ச நாள் கண்காணித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

எங்கள் வீட்டுக்கு அஞ்சு தலை போய் ஒரு தலைக்கட்டு ஆனது. மணிவண்ணனே என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தான். நானும் மெஷின் ரூமில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

அந்தச் சுகம் அதற்கடுத்த கூட்டத்தோடு முடிந்தது.

வேல்முருகன் எழுந்தான். "காம்பவுண்டுல பாதிப் பேருக்குச் சுகர். டாக்டரு எல்லாரையும் நடக்கச் சொல்றாரு. அடுப்படிக்கு ஆவுற செலவு வேற எதுக்கும் ஆவல. சம்பளம், கேஸு, காய்கறி. யாரு சாப்புடுறா அங்க? பாதி நாளு நாங்க வேல செய்யிற எடத்துலயே சாப்புட்டுர்றோம். அத மூடிட்டு ஜிம் வைப்போம். நடக்கற மெஷினு எனக்குத் தெரிஞ்ச எடத்துல சல்லிசா வருது."

எனக்குப் பகீர் என்றது.

அந்த அடுப்படியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மணிவண்ணனும் சுமதியும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். சுமதி ஆக்கி வைத்துவிட்டுத்தான் போவாள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மத்தியானம் அது சில்லிட்டுப் போகும். லாரியில் இருந்த காலம் முழுக்க ஆறின சோற்றைத் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து தின்றவன் நான். இங்கே வந்த பிறகுதான் மத்தியானம் மத்தியானம் ஆவி பறக்கிற சோற்றை ஒருத்தி தட்டில் போட்டு, ரசத்தை ஊற்றி, "இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுங்களா?" என்று கேட்கிறாள். இந்தக் காம்பவுண்டில் எல்லாவற்றையும் நான் குறை சொல்லியிருக்கிறேன். அந்தத் தட்டில் மட்டும் ஒரு பருக்கை விட்டதில்லை.

எழுந்து, "அடுப்படிய மூடக் கூடாது" என்றேன்.

பாக்கியராஜ் வாத்தியார் தொண்டையைச் செருமினார். "ஐயா, நீங்க பேச முடியாதுங்களே."

"ஏன், எனக்கு வாயில்லயா?"

"தலைக்கட்டு மணிவண்ணன். நீங்க அவரு அடுப்புல இருக்கீங்க. நீங்க சொன்ன வழக்கந்தான்."

ஹாலே சிரித்தது. பின்னால் ஓர் ஓரமாக நின்ற குஞ்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பார்த்த பார்வைக்குச் சிரித்தே தொலைத்திருக்கலாம்.

நான் மகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"டாக்டரு நடக்கச் சொல்லியிருக்காருப்பா."

"நடக்கறதுக்கு மெஷினு எதுக்குடா? கேட்டத் தாண்டுனா குரும்பலூர் வரைக்கும் ரோடு சும்மாதான கெடக்குது?"

"நாய் இருக்குப்பா."

ஏழு தலைக்கட்டு. ஜிம்முக்கு நாலு, அடுப்படிக்கு மூன்று. அந்த நாலில் ஒன்று என் வீட்டுத் தலைக்கட்டு. எனக்காகப் பேச வேண்டிய கை எனக்கு எதிராக நிற்கிறது. பாக்கியராஜ் வாத்தியார் அந்த மூன்று பேர் பக்கம் இருந்தவர். "அவசரப்பட வேணாம், வர்ற ஞாயித்துக்கெழம முடிவு பண்ணுவோம்" என்று இழுத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்துக்கொண்டு யோசித்தேன். எங்கள் ஊரில் மகனோடு ஒத்துப்போகாத தகப்பன் என்ன செய்வான்? அடுப்பைத் தனியாகப் போடுவான். அடுப்பு தனி என்றால் தலைக்கட்டு தனி. பெண்டாட்டி செத்திருந்தாலும் ஆம்பிளைக்குத் தலைக்கட்டு போகாது. மறுநாள் காலையில் டவுனுக்குப் போய் ஒத்தை அடுப்பும் சின்ன சிலிண்டரும் வாங்கிக்கொண்டு வந்தேன். கடைக்காரன் தராசில் சிலிண்டரை எடை போட்டான். நம்பாமல் பக்கத்துக் கடைத் தராசிலும் போட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன். சரியாகத்தான் இருந்தது.

கொல்லைப்பக்கம் தொட்டியடியில் அடுப்பை வைத்தேன். சுமதி ஓடி வந்தாள்.

"என்ன மாமா இது? நான் சோறு போடலன்னு நாலு பேரு நெனைக்க மாட்டாங்களா?"

"நெனைச்சாத்தாம்மா எனக்கு ஓட்டு."

அவளுக்குக் கோபம். அன்றைக்கு எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை வைத்து வாசனையைக் கொல்லைப்பக்கம் விட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வாய் தின்றாலும் தலைக்கட்டு போய்விடும்.

லாரி ஓட்டத் தெரிந்தவனுக்குச் சோறாக்கத் தெரிய வேண்டும் என்று எங்கேயும் சட்டமில்லை. முதல் நாள் குழைந்தது. மறுநாள் வேகவில்லை. அதற்கு மறுநாள் இரண்டும் ஒன்றாக நடந்தது. ஆனாலும் தின்றேன். என் அரிசி, என் கேஸ், எதற்குக் கொட்ட வேண்டும்?

கணக்குப் பார்த்தால் நான் ஒருவன் சேர்ந்தால் நாலுக்கு நாலு. இன்னும் ஒரு கை வேண்டும். தெரிந்த கை ஒன்றுதான் இருந்தது. அவளும் தினம் அடுப்படியில் சாப்பிடுகிறவள்தான்.

குஞ்சம்மாள் வராந்தாவில் வெங்காயத்தைக் கொட்டி வைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, வழி மாறி வந்துட்டீங்களா? ஆளில்லாத வூடாச்சே இது."

"அடுப்படிய மூடப் போறானுவ குஞ்சம்மா."

"மூடட்டும். நான் வெங்காயத்தக் கடிச்சிக்கிட்டுக் கெடக்குறேன்."

"நீயும் ஒரு தலைக்கட்டா வந்து நின்னீன்னா..."

"புருசன் இல்லாத பொம்பளைக்குத் தலைக்கட்டு இல்லன்னு யாரோ ஒரு பெரிய மனுசன் சொன்னாரே. அவரக் கேட்டீங்களா?"

"அது ஊர் வழக்கம்."

"அண்ணி போயி எத்தினி வருசம்?"

"ஆறு."

"அப்ப பொண்டாட்டி இல்லாத நீங்க மட்டும் எப்புடித் தலைக்கட்டு?"

ஒரு வெங்காயத்தை எடுத்து அழுத்திப் பார்த்தேன். "இது அழுவிப் போச்சு" என்றேன்.

"வெங்காயத்த வச்சிட்டுப் பதிலச் சொல்லுங்க."

எங்கள் ஊரில் யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்க வேண்டியவர்களுக்குப் பேச்சு இல்லை.

"சரி, வரேன்" என்றாள் அவளே. "ஆனா கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால நீங்க சொல்லணும். 'நான் சொன்னது தப்பு'ன்னு."

"தப்புன்னு எதுக்குச் சொல்லிக்கிட்டு? கூடக் கொஞ்சம் பேரச் சேத்துக்குவோம்னு சொல்றேனே."

"தப்பு."

"காலம் மாறிப்போச்சுன்னு வச்சிக்குவமா?"

"தப்புண்ணே. ஒரே வார்த்த. வேலயும் கம்மி."

வெங்காயக்காரியிடம் பேரம் படியுமா?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹால் நிறைந்திருந்தது. நான் எழுந்து, "நான் இப்ப தனி அடுப்பு. தனித் தலைக்கட்டு" என்றேன். பாக்கியராஜ் வாத்தியார் சுமதியைப் பார்த்தார். "ஆமா சார், வூட்டுல பச்சத் தண்ணி குடிக்கல" என்றாள் அவள், அழாத குறையாக. அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

"அப்புறம், குஞ்சம்மாளயும் சேத்துக்கணும். அன்னிக்கி நான் சொன்னது..."

பின்னாலிருந்து குஞ்சம்மாள் இருமினாள்.

"...தப்பு."

மணிவண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அவன் பிறந்ததிலிருந்து அந்த வார்த்தை என் வாயில் வந்து அவன் கேட்டதில்லை. பாக்கியராஜ் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப, ஆம்பளையோ பொம்பளையோ, தனி அடுப்பு எரிஞ்சா தலைக்கட்டு. சரிங்களா?" யாரும் மறுக்கவில்லை. குஞ்சம்மாள் விறுவிறு என்று முன்னால் வந்து சுருக்குப்பையை அவிழ்த்து, வரியை மேசையில் வைத்து, ரசீது வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் நான் வைத்தேன். மகன் ஒரு வரி, நான் ஒரு வரி. ஒரே வீட்டிலிருந்து இரண்டு. நோட்டை இரண்டு தடவை எண்ணித்தான் கையை எடுத்தேன்.

அடுப்படிக்கு அஞ்சு, ஜிம்முக்கு நாலு. உட்காரப் போனேன்.

"சார், அப்ப நானும் தனி அடுப்புத்தான?" ரஞ்சித்குமார் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். "எனக்கு ஜிம்முதான் வேணும்."

"நீ அடுப்புல என்னத்தடா வக்கிற?" என்றேன்.

"நூடுல்ஸ்."

"அது ஒரு சமயலா?"

"அடுப்புலதான் தாத்தா வேவுது."

"தம்பி, தலைக்கட்டுன்னா வரி உண்டு. தெரியும்ல?" என்றாள் குஞ்சம்மாள். பயல் போனை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினான். வரி வந்து சேர்ந்துவிட்டதாகப் பாக்கியராஜ் வாத்தியாரின் போன் கத்தியது. அஞ்சுக்கு அஞ்சு.

வேல்முருகனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மெதுவாக என் பக்கம் திரும்பினான். "நான் ஒண்ணு கேக்கவா பெரியவரே? நீங்கதான் தனியா ஆக்கித் திங்கிறீங்களே. அப்புறம் பொது அடுப்படி எதுக்கு ஒங்களுக்கு?"

அவன் கேட்டது நியாயம். தனியாக ஆக்குகிறேன் என்றால்தான் பேச்சு உண்டு. தனியாக ஆக்குகிறவனுக்கு அந்தப் பேச்சில் வேலை இல்லை. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் எடுக்க முடியாது. கல்குவாரியில் லாரியை இப்படி நிறுத்தியிருக்கிறேன். ஹாலில் நின்றது அதுதான் முதல் தடவை.

நேராக வீட்டுக்கு நடந்தேன். தொட்டியடியில் இருந்த என் சோற்றுக் குண்டானை அப்படியே தூக்கி வந்து மேசையில் வைத்தேன்.

"தின்னு பாருங்க."

வேல்முருகன் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டான். நாலு மெல்லு மென்றவன் தாடையை நிறுத்திக்கொண்டான். துப்பவும் இடமில்லை, விழுங்கவும் மனசில்லை.

"பெரியவரே, இது சோறா?"

"இந்த வாரம் முழுக்க அதான்."

ரஞ்சித்குமார் இரண்டு பருக்கையை நக்கிப் பார்த்தான். "தாத்தா, நூடுல்ஸே பரவால்ல."

குஞ்சம்மாள் குண்டானுக்குள் எட்டிப் பார்த்தாள். "அடியில கரி, நடுவுல அரிசி, மேல கஞ்சி. ஒரே குண்டானுல மூணையும் எப்புடிண்ணே வச்சீங்க?"

ஹால் மறுபடியும் சிரித்தது. மணிவண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து வந்து ஒரு கவளம் எடுத்துத் தின்றான். விழுங்கினான். இன்னொரு கவளமும் தின்றான்.

"இதயாப்பா தின்னீங்க? வூட்டுல சோறு இருந்துச்சேப்பா."

"வூட்டுச் சோத்தத் தின்னா தலைக்கட்டு போயிடும்டா."

அவன் அந்தக் கருகின குண்டானை ஓரமாக நகர்த்தி வைத்தான். அப்புறம் வாத்தியார் பக்கம் திரும்பி, "அடுப்படி இருக்கட்டும் சார்" என்றான். "நான் ரோட்டுலயே நடந்துக்குறேன்."

"நாய்?" என்றான் வேல்முருகன்.

"குச்சி எடுத்துக்குறேன்."

ஆறுக்கு நாலு. மகன் மனசு மாறியது என் சோற்றினாலா, பக்கத்தில் வந்து நின்ற சுமதி முழங்கையால் இடித்ததினாலா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். இடித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

வீட்டுக்குப் போகையில் மணிவண்ணன், "போதும்ப்பா, இனிமே அந்த அடுப்ப அணைச்சிடுங்க" என்றான். அது பின்னால் வந்த வேல்முருகன் காதில் விழுந்துவிட்டது.

"அணைங்க பெரியவரே, நல்லா அணைங்க. அணைச்சா தலைக்கட்டு போயிடும். அடுத்த கூட்டத்துல மறுபடி பேசுவோம்."

அணைப்பேனா? தினம் காலையில் எழுந்ததும் என் அடுப்பைப் பற்ற வைத்து ஒரு குண்டான் வெந்நீர் போடுகிறேன். வேல்முருகன் வாக்கிங் போகிறபோது சுவருக்கு மேல் எட்டிப் பார்ப்பான். எரிகிறது, பார்த்துக்கொள் என்று நகர்ந்து நின்று காட்டுவேன். அந்த வெந்நீரை மணிவண்ணன் குளிக்க எடுத்துக்கொள்கிறான். கேஸ் என்னுடையது. சிலிண்டரைச் சங்கிலி போட்டு என் பழைய டீசல் பூட்டால் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் மாட்டியிருக்கிறேன். வேல்முருகன் அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிட்ட நடக்கிற மெஷின் அவன் செலவிலேயே வந்து இறங்கி, மெஷின் ரூமில் கிடக்கிறது. ரஞ்சித்குமார் அதன்மேல் சாயம் போகிற சட்டையைக் காயப் போடுகிறான்.

மத்தியானம் அடுப்படிக்குப் போகிறேன். எங்கள் ஊரில் வரி முதலில் கொடுத்தவனுக்குத்தான் பிரசாதமும் முதலில். அதைச் சுபாவிடம் எடுத்துச் சொல்லித் தட்டை நீட்டினேன். எனக்கு முன்னால் ஒரு தட்டு நீண்டது.

"எம் ரசீது நம்பரு ஒங்க நம்பருக்கு முன்னாடிண்ணே" என்றாள் குஞ்சம்மாள்.

ரசீதைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது ஆளாக நின்றேன். ஆவி பறக்கச் சோறு விழுந்தது, ரசம் விழுந்தது. ரசத்தில் உப்பு ஒரு கல் கம்மி. வரி கட்டுகிறவன் என்கிற முறையில் அதைச் சொன்னேன்.